பொத்தான் அளவு வில்லையும் என் சகலையின் பேத்தியும்

என்னை வாளித் தாத்தா என்று அழைப்பார்கள். வயது அறுபத்தெட்டு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். அணுமின் நிலையத்தின் பயிற்சிக் கூடத்தில் உடைமாற்றும் அறையைக் கூட்டித் துடைப்பது என் வேலை. காவல் ஆய்வாளர் ஐயா அனுமதித்ததால் இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

என் மகனின் மகனும், என் சகலையின் பேத்தியும் அந்தக் கூடத்தில் அப்ரண்டிஸ் டெக்னீஷியன்கள். இருவரில் ஒருவரைத்தான் உலைப் பகுதிக்கு எடுப்பார்கள். சகலை தினமும் மாலையில் தேய்த்த சட்டையோடு என் வாசல் வழியாகப் போவார். அவர் வீட்டுக்கு வேறு வழி உண்டு. "என்ன சகலை, உங்க பேரன் இன்னிக்காவது கையுறையைக் கிழிக்காம கழட்டினானா? எங்க பொண்ணு கழட்டினதைப் பாத்து வாத்தியாரே அசந்துட்டாராம்" என்பார். "அசந்தாரா, தூங்கினாரா?" என்பேன் நான்.

அவள் கழற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். கையுறையையும் பாதுகாப்பு அங்கியையும் சேர்த்து ஒட்டிய மணிக்கட்டு டேப்பைப் பிரித்து, கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அங்கியை உடம்பில் படாமல் சுருட்டிக் கீழே விடுவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வெள்ளிக்கிழமை, கருவிகளைச் சோதிக்கும் கதிர்வீச்சு வில்லையை இடுக்கியால் எடுத்து மறுபடி ஈயப் பெட்டியில் வைக்கும் பயிற்சி நடந்தது. அது சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பெட்டிச் சாவி சகலையின் பேத்தியிடம் இருந்தது. கடைசியாகச் செய்தவன் என் பேரன். அதன் பிறகு அவன் உடைமாற்றும் அறைக்கு வந்து, மணிக்கட்டு டேப்பைப் பிய்த்து உருட்டிக் குப்பை டிரம்மில் எறிந்தான். அந்த டேப்பில் ஏதோ பளபளத்தது, பொத்தான் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பூட்டினாள். அது அவள் தவறு. அதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சனிக்கிழமை பெட்டி காலியாக இருந்தது. சாவி வைத்திருந்தவள் திருடியதாகப் புகார் ஆனது. கேட்டதுமே அந்தப் பளபளப்பு எனக்கு நினைவு வந்தது. பயிற்சிக் குப்பை வெறும் குப்பை என்று டிரம்மை யாரும் சோதிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு காவலர்கள் சகலையின் வீட்டைச் சோதனை போட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். சகலை கசங்கிய பனியனோடு வாசலில் நின்றார். பேத்தி, "தாத்தா, நான் எடுக்கலை" என்றாள். "நீயே எடுத்தேன்னு சொன்னாலும் நான் நம்பமாட்டேன். போ, போய் முகத்தைக் கழுவு" என்றார். அவள் போகவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. என் பேரன் என்னோடு தெருவில் சேர்ந்து நடப்பதில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். பேரன் தலை வாரிக்கொண்டிருந்தான். "தாத்தா, இனிமே அந்த இடம் எனக்குத்தான்" என்றான்.

"வில்லை எங்கடா போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அவளைக் கேளுங்க."

அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. வில்லை தன் டேப்பில் ஒட்டியதை அவன் கவனிக்கவில்லை. அவளாக இருந்தால் கவனித்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதற்காக அவள் மேல் மறுபடி எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடேதான் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நாளைக் காலை குப்பை வண்டி வரும். அதற்குள் டிரம்மைச் சோதிக்கவும். தேட வேண்டியது நீல டேப் உருண்டை. மற்றவர்களுக்கு மஞ்சள் டேப், மஞ்சள் தீர்ந்துபோனதால் என் பேரனுக்கு மட்டும் நீலம் கொடுத்தார்கள். வில்லை அதில் இருந்தால் உலைப் பகுதி வேலை அவனுக்குக் கிடைக்காது என்று ஆய்வாளர் ஐயா எனக்கு விளக்கினார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் தவிர வேறில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. சகலை வந்து கெஞ்சியிருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

ஒப்பம்,
வாளித் தாத்தா