உழவு மெசினுக்கு வருசம் ஒருக்கா வாற வருத்தம்

மடு மாதாவாணை, அந்தோனியாராணை, நான் சொல்லுற ஒவ்வொரு சொல்லும் சத்தியம்! சத்தம் போடாமல் என்ன செய்யிறது, நீர் சிரிக்கிறீரே. உந்த நட்டுக் கழட்டுற சாவியளைக் கொஞ்சம் கீழை வையும் தம்பி கோபாலசிங்கம். பிரான்காச்சோக் கராஜிலையிருந்து பஸ் ஏறி வந்த மனுசன், முதல் தேத்தண்ணியைக் குடியும். தோட்டத்துச் சொந்தக்காரி சிஞ்ஞோரா பூசைக்குப் போட்டா. பூசை முடிஞ்சு, வாசல்லை நிண்டு ஊரின்ரை நோயெல்லாம் விசாரிச்சு வர பதினொண்டரை ஆகும். அதுக்குள்ளை இந்த உழவு மெசின் ஒழுங்கா ஓடவேணும். ஓடாட்டில் நாளைக்கு என்ரை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற விசா, அவ்வளவுதான். ஆனால் கை வைக்க முதல் உதின்ரை சரித்திரம் உமக்குத் தெரியவேணும்.

எங்கை விட்டனான்? ஓம், வுச்சீரியாச் சந்தை. மெசின் என்னை ஏத்திக்கொண்டு இந்தத் தேசித்தோட்டத்தாலை வெளிக்கிட்டுது. நான் ஓட்டேல்லை, அதுதான் ஓடினது. வேகத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற கவர்னர் பிழைச்சால் இஞ்சின் தன்ரை பாட்டுக்கு ஏறும், தன்ரை பாட்டுக்கு இறங்கும், உமக்கு நான் சொல்லவே வேணும்? ஏறேக்கை குதிரை, இறங்கேக்கை பிள்ளைத்தாச்சி. அப்பிடியே சந்தைக்குள்ளை போய், மீன்காரன்ரை மேசையிலை கிடந்த வாள்மீன்ரை மூஞ்சி றேடியேற்றருக்குள்ளை குத்தித்தான் நிண்டது. அவன் கோவிக்கேல்லை. பாருங்கோ, எவ்வளவு புதுசு, இன்னும் குத்துது எண்டு கூவிக் கூவி வித்துப்போட்டான்.

என்ன? இது காத்திலை குளிருற இஞ்சின், றேடியேற்றரே இல்லையோ? அப்ப வேறை எங்கையோ குத்தியிருக்கும். சின்ன விசயங்களிலை தொங்கிக்கொண்டு நிக்காதையும்.

மூண்டு வருசத்துக்கு முந்தி நான் இஞ்சை தோட்டம் கூட்டத்தான் வந்தனான். மெசின் உந்த மூலையிலை கிடந்து ஏறி இறங்கிக் கத்துது. சிஞ்ஞோரா கேட்டா, இராயப்பு, உனக்கு மோட்டோரே தெரியுமோ எண்டு. ஓம் எண்டிட்டன். ஊரிலை நான் பேக்கரியிலை பாண் சுட்டவன். ஆனால் தெரியுமோ எண்டு கேக்கேக்கை தெரியாது எண்டு சொன்ன தமிழன் ஆராவது இந்தப் பலெர்மோவிலை இருக்கிறானோ? நீரும் முதல்லை கால்சாவிலை ஒரு கிழவிக்குச் சமைக்கத் தெரியும் எண்டுதானே போனனீர்? மூண்டு நாள் நிண்டு பிடிச்சனீரா? அது மோசமில்லை.

சரி, பொய் சொல்லியாச்சு. வாகனத்துக்கு எங்கடை ஆக்கள் முதல் என்ன செய்வினம்? நான் வேதக்காரன்தான், ஆனால் வாகன விசயத்திலை எல்லாரும் சைவம். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைச்சன். தேசித்தோட்டத்திலை தேசிக்காய்க்குப் பஞ்சமே? சிஞ்ஞோராவுக்குக் கண்ணூறு எண்டால் எங்கடை ஆக்களைவிடப் பயம். இரும்பைத் தொடுறா, சிலுவை போடுறா, மூச்சு விடாமல் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் கவர்னர்ப் பக்கம் சும்மா கையை விட்டன். ஒரு நட் ஆடிக்கொண்டிருந்தது. இறுக்கிப்போட்டு ஸ்ராட் பண்ணினன். தேசிக்காயெல்லாம் நசிஞ்சு மணக்குது, இஞ்சின் பூனைக்குட்டி மாதிரி ஒரே குரலிலை உறுமுது. அவ என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்சிப்போட்டா. கையை, தம்பி, கையை! அண்டைக்கே பெர்மெஸ்ஸோவுக்கு வேலைக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைச்சுத் தந்தா.

அதுக்குப் பிறகு வருசா வருசம், குவெஸ்தூராவுக்கு, அதுதான் விசாப் பொலிஸ் கந்தோருக்கு, கடிதம் தேவைப்படுற மாசம் பாத்து மெசினுக்கு அந்த வருத்தம் வரும். நான் தேசிக்காய் வைப்பன், சுகமாகும், அவ பேனையைத் தேடுவா. மற்ற மெக்கானிக்மாரைப் படலைக்குள்ளையும் விடமாட்டா.

இந்த முறைதான் சிக்கல். அவவின்ரை பெறாமகன், தங்கச்சியின்ரை பெடியன் ஒருத்தன், மெசினைப் பழைய இரும்புக்குக் குடுப்பம் எண்டு நிக்கிறான். மெசின் போனால் மெசின்காரன் என்னத்துக்கு? நாளைக்குக் குவெஸ்தூராவிலை தவணை. பெர்மெஸ்ஸோ கையிலை வந்தால்தான் என்ரை மனுசி அகஸ்ரீனாவைக் கூப்பிடலாம். ஒண்டரை வருசமாக் கொழும்பு லொட்ஜிலை இருக்கிறா தம்பி, சூட்கேசை இன்னும் முழுசா அவிழ்க்கேல்லையாம். கூப்பிடேக்கை எல்லாம் ஒரே கேள்விதான், எப்ப எண்டு. நானும் இந்தா, இந்த மாசம் எண்டு சொல்லிச் சொல்லி... சரி விடும், தேத்தண்ணி ஆறுது.

என்ன உப்பிடிப் பாக்கிறீர்? கடிதம் கேக்கிற மாசம் மெசினுக்கு எப்பிடித் தெரியும் எண்டோ? அட, அந்த நட்டை ரெண்டு சுத்துத் தளத்துறது நான்தானே. பிறகு ரெண்டு சுத்து இறுக்கிறதும் நான்தான். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் வேலை அவ்வளவும்தான். ஆனால் இந்த முறை, அந்தோனியாராணை, நான் தொடேல்லை. வெள்ளிக்கிழமை தளத்துவம் எண்டு நான் இருக்க, வியாழக்கிழமையே அது தானாத் தொடங்கிட்டுது. நட்டை அங்காலை சுத்தினன், இஞ்சாலை சுத்தினன், மண்ணெண்ணெய் விட்டன், செபம் சொன்னன். ஒண்டுக்கும் மசியேல்லை. முதல் முறையா உண்மையான வருத்தம் வந்திருக்கு, வைத்தியர் பாண்காரன்.

எங்கை, திறந்திட்டீரோ? டீசல் பம்புக்குள்ளை, கவர்னர் இழுக்கிற கம்பி இறுகிப்போச்சோ? கழுவினால் போதுமோ? அரை மணித்தியாலமோ! மாதாவே, உம்மடை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும். கெதியாச் செய்யும். அவ வரேக்கை நீர் ஊராள், தேத்தண்ணி குடிக்க வந்தனீர், மெசின் எண்டால் முன் பக்கம் எது பின் பக்கம் எது எண்டும் தெரியாது. கைக் கறுப்பைத் துடைச்சுப்போட்டு நில்லும். அகஸ்ரீனா வந்தாப்பிறகு அவவுக்கும் மூச்சு விடப்படாது. நான் சைக்கிள் செயின் போடத் தெரியாத ஆள் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும். அப்பிடி எப்பவாவது கதை வெளியிலை போனாலும், ஆர் சொன்னது எண்டு கேட்டால், ஆரோ பஸ்ஸிலை சொன்னது எண்டு சொல்லும். இராயப்பு எண்ட பேரை மட்டும் வாயிலை எடுத்துப்போடாதையும், என்ன?