நான்காம் பக்கத்துப் பிழை

தங்கள் ரயில்வே விசாரணை அறிக்கையின் தமிழ் நன்றாக இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டுத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், சந்திப்பிழை மூன்றே மூன்றுதான். விபத்து நடந்து மூன்று வருஷம் கழித்தா அறிக்கை என்று இங்கே சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. என் மனுக்களுக்குப் பதில் வந்த வேகத்தோடு ஒப்பிட்டால் இது எக்ஸ்பிரஸ்.

ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

என் பெயர் வேதசிரோமணி. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கேணி நகர்ப் பொதுநலச் சங்கத்தின் செயலாளர். தண்டவாளத்துக்குக் கிழக்கே எங்கள் வீடுகள், ஒரு சர்ச், ஒரு பிள்ளையார் கோவில். மேற்கே பஸ், சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். நடுவில் நீங்கள். அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நடந்து போக ஒரு மேம்பாலம் வேண்டும் என்று 1966இல் முதல் மனு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கு, முதல் மனுவின் நகலை அனுப்பச் சொன்னார்கள். மூன்றாவதற்குப் பலன் கிடைத்தது. தண்டவாளத்தைக் கடப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு பலகை நட்டார்கள். எழுத்து மேற்குப் பக்கம் பார்த்திருந்ததால், நாங்கள் கடந்து போய்த்தான் அதைப் படித்தோம்.

நிர்வாகத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். 'பொதுவாக நல்லெண்ணமே நிலவுகிறது' என்று. யாரிடம் கேட்டீர்களோ தெரியாது. டீக்கடை துரைராஜிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். அவனுக்கு உங்கள் மேல் கோபம்கூட இல்லை. அவன் சிரித்ததெல்லாம் என்னைப் பார்த்துத்தான்.

"இன்னா வாத்தியாரே, இது எத்தினாவது மனு? உன் பேப்பர்லதான் அங்க வடை மடிச்சித் துன்னுகினு கீறாங்களாம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நகர் முழுக்க எனக்கு 'மனு வாத்தியார்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில்கூட ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. துரைராஜ் கடையில் டீ குடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

1970 செப்டம்பரில் தங்கள் அலுவலகத்திலிருந்து லக்ஷ்மிநாராயணன் என்ற அதிகாரி இடத்தைப் பார்வையிட வந்தார். தங்கமான மனுஷர். வெயிலில் பத்து நிமிஷம் நின்றார், இரண்டு இளநீர் குடித்தார், கிளம்பும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"சார், ஓப்பனா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஸ்பாட்ல இதுவரைக்கும் ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லையே. நான் என்னன்னு எழுதுறது? ஒரே ஒரு கேஸ் இருந்தாப் போதும், ஃபைல் தானா ஓடும்."

அவருக்கு மனமார நன்றி சொன்னேன். நான்கு வருஷமாக என் மனுவில் எந்த இணைப்பு குறைகிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

அந்த இணைப்பாக நானே ஆகலாமா என்றும் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், என்னைச் சுயநலக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் நான் போய்விட்டால் அதற்குப் பிறகு மனு எழுத ஆள் இல்லை. பொருளாளர் சத்தியநாதனுக்கு ஒற்று எங்கே மிகும் என்பதே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் ஆசிரியன்.

மாடம்பாக்கத்திலிருந்து கீரை கொண்டுவந்து மேற்கே சந்தையில் விற்கும் அங்காளம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை, காதும் மந்தம். கூடையைத் தலையில் வைத்தபடி தண்டவாளத்து ஓரத்தில் நிற்பாள். நானும் காலை நடைக்கு அந்த வழியாகத்தான் வருவேன்.

"சார், வண்டி வர்தா?"

நான் இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்வேன். "வரலை, போம்மா." அல்லது "இரும்மா, வருது." நான் இரு என்றால் நிற்பாள், போ என்றால் போவாள். போகும்போது "புண்ணியமாப் போவும் சார்" என்பாள். ஆறு வருஷம் இப்படித்தான். ஒரு நாள்கூட அவள் கேட்காமல் காலை எடுத்து வைத்ததில்லை.

அதே வருஷம் நவம்பர் மாதம், தூறல். காலை ஆறே முக்கால். பக்கத்துப் பாதையில் மின்சார வண்டி ஒன்று தடதடவென்று போய் முடிந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவள் கேட்டாள். நான் தெற்கே பார்த்தேன். விழுப்புரம் பக்கமிருந்து வரும் எக்ஸ்பிரஸ் அடுத்த பாதையில் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது.

"வரலை, போம்மா," என்றேன்.

"புண்ணியமாப் போவும் சார்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது தங்கள் கோப்பில் இருக்கிறது. ஜனங்கள் இரண்டு மணி நேரம் வண்டியை மறித்தார்கள். துரைராஜ் முதல் கல்லை எறிந்தான். பத்திரிகையில் நான்கு வரி வந்தது. என் அடுத்த மனுவில் 'உயிர்ச்சேதம்: ஒன்று' என்று எழுதினேன். லக்ஷ்மிநாராயணன் சொன்னது பொய்யாகவில்லை, ஃபைல் தானாகவே ஓடியது. 1972இல் பாலம் திறந்தார்கள். திறப்பு விழாவில் எனக்கு நாலாவது வரிசையில் நாற்காலி. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், காண்டிராக்டர் பெயர் எல்லாம் இருக்கிறது. என் பெயர் இல்லை. பெயருக்காக உழைக்கிறவன் இல்லை நான்.

பாலத்தில் ஏற நாற்பத்தெட்டுப் படி. தலையில் சுமையோடு யார் ஏறுவது என்று பாதிப் பேர் இன்னும் அடியில்தான் கடக்கிறார்கள். ஆடுகள் ஏறுகின்றன.

இப்போது நான்காம் பக்கம். 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அங்காளம்மாளின் மகள் கங்கையம்மாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் அழுதாள்.

"எங்கம்மா கேக்காம கால வெக்காது சார். கண்ணு தெரியாதுன்னு அதுக்கே தெரியும். யாரையாச்சும் கேட்டுக்கினுதான் தாண்டும். செத்தவ மேலயே பழியப் போட்டுட்டாங்களே."

நான் தலையாட்டினேன்.

"நீங்களாச்சும் ஒரு மனு எழுதுங்க சார். நீங்க எழுதுனா பாலமே வர்துல்ல."

நகரில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். அங்காளம்மாளிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. அந்த இடத்தைக் கடந்தவர்களிலேயே அவளைப் போல் கவனமாகக் கடந்தவர் கிடையாது. அவள் கேட்டாள். நான் வண்டியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இல்லை என்றேன். விசாரணையில் மூன்றாம் சாட்சியாக 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று கையெழுத்திட்டதும் நான்தான். அதுவும் பிழை, அதையும் அடித்துவிடுங்கள்.

ஆகவே 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு' என்ற தொடரை நீக்கி, அந்த இடத்தில் என் பெயரை எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதற்காகப் போலீஸை அனுப்புவதானால் காலை நடை முடிந்து எட்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

எப்படியும் திருத்த ஆள் வரத்தான் போகிறார்கள் என்பதால் இன்னொரு விஷயம். பாலத்துக் கல்வெட்டில் காண்டிராக்டர் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நேற்றுத்தான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், 'முயற்சி: வேதசிரோமணி' என்பது சரியாக அடங்கும்.