தலைகீழாய் ஒட்டிய கொடித் தபால்தலை

விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்துவிட்டு, உடனே கைக்கடிகாரத்தையும் காட்டிவிட்ட எங்கள் குறிஞ்சி மன்றத்தின் தலைவர், பெரியவர் ஷங்கர் அவர்களே! அஞ்சல் துறையில் உழைத்து ஓய்வுபெற்று, கன்னடம் தாய்மொழியானாலும் தொம்மலூர்த் தமிழர் வீட்டு விலாசங்களை மனப்பாடமாய் வைத்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஸ்ரீஹர்ஷா அவர்களே! வைட்ஃபீல்டிலிருந்து புறப்பட்டு, வண்டிகளின் வெள்ளத்தை நீந்திக் கடந்து, விழா முடிவதற்குள் வந்து சேர்ந்துவிட்ட இளைஞர்களே! வீட்டில் எங்களைப் பொறுத்துக்கொள்வது போதாதென்று மேடையிலும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போட்டும் உட்கார மறுத்து, கதவோரம் நிற்கின்ற நோயல் அவர்களே! எல்லோரையும் வணங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே என்ன அச்சிட்டிருக்கிறது? 'மன்றச் செயலாளர் வெங்கடகிருஷ்ணன், அஞ்சல்தலையில் அசைந்தாடும் கொடி என்னும் பொருளில் எழுச்சியுரை ஆற்றுவார்' என்று இருக்கிறது. ஆற்றத்தான் தயாரித்தேன். சுதந்திர பாரதம் வெளியிட்ட முதல் தபால்தலையில் பறந்தது எது? கொடி! அதற்கு முன்பு அந்த மூலையில் அமர்ந்திருந்தது எவர் முகம்? அயல்நாட்டு அரசரின் முகம்! அரசர் இறங்கிய இடத்தில் மூவர்ணம் ஏறியது. ஆணை இறங்கிய இடத்தில் ஆசை ஏறியது. அடிமை இறங்கிய இடத்தில் ஆண்மை ஏறியது! காகிதம் கட்டைவிரல் அகலம். அதற்குள் காஷ்மீரம் முதல் குமரி வரை...

வேண்டாம். கை தட்டாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று நமக்குத் தெரியாமல் போகும். எழுதி வந்த எழுச்சியுரை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். எனக்கு எழுச்சி வரவில்லை ஐயா. வெட்கம் வருகிறது.

வெள்ளிக்கிழமை, சுதந்திர தினம், இதே அரங்கில் என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் போனில் பார்த்துவிட்டீர்கள். என்றாலும் முழுக்கதை ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்கிறேன்.

கொடி போட்ட தபால்தலைகளைக் கொண்டு கண்காட்சி வைத்தோம். உங்கள் வீட்டுக்கு வந்த கடித உறைகளில் கொடித் தபால்தலை இருந்தால் உறையோடு கொண்டுவாருங்கள் என்று அறிவித்தோம். எத்தனை பேர் கொண்டுவந்தீர்கள்? பெரும்பாலோர் கடையிலே புத்தம் புதிய தபால்தலை வாங்கி, கண்ணாடித் தாளில் செருகிக் கொண்டுவந்தீர்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான். ஒரே ஒருவர்தான் உண்மையாகவே உறைகளைக் கொண்டுவந்தார். பிரேசர் டவுனில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிற பெர்னதெத் டீச்சர். வீட்டுக்கு வருகிற உறையில் கொடி இருந்தால் அதைக் கிழித்துக் குப்பையில் போடுகிற வழக்கம் அந்த வீட்டிலே கிடையாது. உறையின் ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்து, காய்ந்த துணியால் துடைத்து, அப்படியே எடுத்து வைப்பார்கள். அந்த உறைகளையெல்லாம் ஒரு பலகையில் குண்டூசி குத்தி அழகாய் வைத்திருந்தார்.

நான் காலையில் பலகைகளைப் பார்வையிட வந்தேன். செயலாளர் அல்லவா! டீச்சர் காபி குடிக்கக் கீழே போயிருந்தார். அவருடைய பலகையில் ஓர் உறை மட்டும் தலைகீழாக இருந்தது. விலாசத்தின் எழுத்தெல்லாம் கால் மேலே, தலை கீழே. என் குணம் உங்களுக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாய்த் தொங்குகிற படத்தை நிமிர்த்தாமல் எனக்குக் காபி இறங்காது. பாமா சிரிக்கிறாள் பாருங்கள், என் மனைவி, முன்வரிசையில்! அந்தக் குணம் சும்மா இருக்குமா? குண்டூசியைப் பிடுங்கினேன். உறையைத் திருப்பினேன். விலாசத்தை நேராக நிறுத்தினேன். அப்பாடா என்று அடுத்த பலகைக்குப் போய்விட்டேன்.

கொடியேற்றம் முடிந்தது, மிட்டாய் கொடுத்தோம், கூட்டம் கண்காட்சிக்குள் வந்தது. நம் சண்முகம் அவர்களின் கண் கழுகுக் கண். அந்தப் பலகை முன் நின்று குரல் கொடுத்தார்: "ஏய், இங்க வந்து பாருங்கப்பா! கொடியத் தலகீழா வெச்சிருக்காங்க! பச்ச மேல இருக்கு!"

அவ்வளவுதான். படம் எடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஒருவர் அவமானம் என்று எழுதினார், இன்னொருவர் துரோகம் என்று எழுதினார், காபி ஆறுவதற்குள் அந்த அம்மையார் தேச விரோதி ஆகிவிட்டார்! நான் மைக்கைப் பிடித்தேன். இதோ, இதே மைக். மேடைக்கு வரச்சொன்னேன். வந்தார். ஒன்றுமே புரியாமல் வந்தார். உறையைக் காட்டினேன். பார்த்தார், முகம் மாறியது. "சார், நான் வெச்சது இப்படி இல்ல சார், நான் இத..." என்று தொடங்கினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விளக்கம் வேண்டாம் அம்மா, மன்னிப்பு போதும்."

என் வாயால் சொன்னேன். ஓர் ஆசிரியையிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்தவர்கள், அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர்கள் இருக்கும் சபையில் சொன்னேன். அவர் நம் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பாரத மாதாவுக்கு ஜே என்று என் குரல்தான் முதலில் எழுந்தது. எவ்வளவு மலிவான ஜே! எவ்வளவு சுலபமான தேசபக்தி!

மறுநாள் காலை, வீட்டில் பாமா அந்த மன்னிப்பு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். விரலால் பெரிதாக்கினாள். "ஏங்க, இது நம்ம அனுப்பின கவராச்சே" என்றாள்.

"எந்தக் கவர்?" என்றேன்.

"போன வருஷ ஆண்டு விழா இன்விடேஷன். இது என் கையெழுத்து, எனக்குத் தெரியாதா? வாட்ஸ்அப்ல அனுப்பினா போதும்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்கதான், இல்ல இல்ல, கொடி ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல போனாத்தான் மரியாதைன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. டைனிங் டேபிள்ல இந்தப் பக்கம் நான் விலாசம் எழுதி எழுதித் தள்ளினேன். எதிர்ப் பக்கம் நீங்க உக்காந்து, டி.வி.ல மேட்ச் பாத்துக்கிட்டே ஒட்டினீங்க. உங்களுக்கு நேரா ஒட்டியிருக்கீங்க. கவருக்கு அது தலகீழ்."

தாய்மார்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் பாமாவின் முன் அது பலித்ததில்லை. நான்தான் ஒட்டினேன். கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு கொடியைக் கவிழ்த்து ஒட்டினேன். ஒன்றையா? எல்லாவற்றையும்! மன்றத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன ஒவ்வோர் உறையிலும் பச்சை மேலே, காவி கீழே!

இப்போது உங்களைக் கேட்கிறேன். சண்முகம் அவர்களே, உங்கள் வீட்டுக்கு அந்த உறை வந்ததா இல்லையா? தலைவர் அவர்களே, உங்கள் வீட்டுக்கு? அவமானம் என்று எழுதிய கைகளே, துரோகம் என்று தட்டிய விரல்களே, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த கொடியை நீங்கள் பார்த்தீர்களா? கிழித்தீர்கள். எடுத்தீர்கள். எறிந்தீர்கள். ஒருவராவது எனக்குப் போன் போட்டு, "யோவ் செயலாளரே, கொடியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறாயே, கண் இல்லையா?" என்று திட்டினீர்களா? இல்லையே! ஊரெல்லாம் கொடி கவிழ்ந்து போனபோது ஒரு கண்ணுக்கும் உறுத்தவில்லை. ஒரு பெண்மணியின் பலகையில் கவிழ்ந்தபோது எல்லாக் கண்ணும் சிவந்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பாவம் என் வீட்டு டைனிங் டேபிளில் நடந்தது. பழியைப் பிரேசர் டவுனுக்கு அனுப்பிவைத்தோம்.

பாமாவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் அதோ நிற்கிற நோயல், டீச்சரின் கணவர். உட்காருங்கள் என்று சொன்னார். அந்த மரியாதைக்கே நான் தகுதி இல்லை. டீச்சர் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். உறையைத் திருப்பியது நான், ஒட்டியதும் நான் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி, ஏன் அந்தக் கவரை மட்டும் தலைகீழாக வைத்தீர்கள்?" என்று நான் கேட்டேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை பாருங்கள்!

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "கொடி கவுந்து வந்திருந்துச்சு சார். அதுக்காகத் தூக்கிப் போட மனசு வரல. போர்டுல வெக்கும்போது கவரத் திருப்பி வெச்சேன். அதுல எழுதியிருக்கறது என் பேரு, என் விலாசம். என் பேரு தலகீழா நின்னா நின்னுட்டுப் போகுது. கொடி நேரா நிக்கணும்."

ஐயா! கேட்டீர்களா? அம்மா! கேட்டீர்களா? தன் பெயரைக் கவிழ்த்துக் கொடியை நிமிர்த்தியிருக்கிறார் அந்த அம்மையார். நான் வந்து பெயரை நிமிர்த்திக் கொடியைக் கவிழ்த்தேன். அப்புறம் அவரை மேடையேற்றி, கொடிக்கு மரியாதை என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன்!

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் குரல் உயர்ந்தது. "இங்க, எங்க வீட்டு ஹால்ல வந்து சொல்றீங்க. நான் இங்கயா சார் கை கூப்பினேன்? ஸ்கூல்ல வீடியோ பாத்துட்டாங்க. மேனேஜ்மென்ட் மீட்டிங் முடியற வரைக்கும் கிளாசுக்கு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை மீட்டிங். நான் போய் என்ன சொல்லட்டும்? நான் சொல்ல வந்தேன், பேசவே விடலன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

திங்கட்கிழமை என்றால் நாளை. அந்த அம்மையாரின் வேலை நாளை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இன்று அவர் வரவில்லை. வரமாட்டேன் என்றார். நோயல் வந்திருப்பது விழாவுக்கு இல்லை, மனைவியின் பலகையை எடுத்துக்கொண்டு போக.

என்ன, யார் அது? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். "விடுங்க சார், அந்தம்மாவும் அப்பவே தெளிவா சொல்லியிருக்கலாமில்ல?" என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம் தம்பி. ஒரு பக்கம் நான் மைக்கோடு, எதிரே நீங்கள் எல்லோரும் போனோடு. நடுவிலே நின்று நீங்கள் சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ஸ்ரீஹர்ஷா சார் "ஹோக்லி பிடி" என்கிறார். போகட்டும் விடு என்று கன்னடத்தில் ஆறுதல் சொல்கிறார். உங்கள் பெருந்தன்மைக்கு வணக்கம் சார். ஆனால் விட முடியவில்லை. "செயலாளர் பதவியை விட்டு விலகிவிடு" என்று நேற்று ஒரு நண்பர் சொன்னார். விலகினால் எனக்கு நிம்மதி. டீச்சருக்கு? நாளை அந்தப் பள்ளியில் போய் நிற்பதற்கு ஒரு முன்னாள் செயலாளர் பயன்படமாட்டான். மன்றத்தின் செயலாளரே வந்து நிற்க வேண்டும். நின்று, தப்பு எங்களுடையது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்னை நீங்கள் வீட்டுக்கு அனுப்பினால் சந்தோஷமாகப் போகிறேன்.

கொடியின் பொருளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த பொருள் இது ஒன்றுதான்: அந்தக் கொடியின் பெயரால் ஒருவரை நாம் குனியவைத்தால், நிமிர்த்துகிற பொறுப்பும் நம்முடையதே. கொடியை ஏற்றுவது கயிற்றின் வேலை. அதன் கீழே நிற்கிற மனிதரைக் கீழே தள்ளாமல் இருப்பது நம் வேலை. வெள்ளிக்கிழமை நாம் கயிற்றின் வேலையை மட்டும் செய்தோம்.

ஆகவே, வெள்ளிக்கிழமை வீடியோவை அனுப்பிய அத்தனை பேரும் போனை எடுங்கள். எடுங்கள் சண்முகம், நீங்களும். இதைப் படம் பிடியுங்கள். அதை எவருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். என் பெயர் வெங்கடகிருஷ்ணன். குறிஞ்சி மன்றத்தின் செயலாளர். தேசியக் கொடியைத் தலைகீழாக ஒட்டியது நான். அதை நிமிர்த்தி வைத்தவர் பெர்னதெத் டீச்சர். மறுபடி கவிழ்த்ததும் நான். வாய் திறந்தவரைப் பேசவிடாமல் தடுத்ததும் நான். அவர் மீது ஒரு துளிக் குற்றமும் இல்லை.

நாளைக் காலை பள்ளி மணி அடிப்பதற்கு முன் அந்த வாசலில் நான் இருப்பேன். பாமா வருகிறேன் என்கிறாள். தலைவரும் தலையசைக்கிறார். நீங்கள் வந்தால் கூட்டம், வராவிட்டாலும் நான் போவேன். சண்முகம் எழுந்து நிற்கிறார்... என்ன சொல்கிறீர்கள்? "நானும் வரேன் சார், என் வீட்டுக்கும் அந்தக் கவர் வந்துச்சு." நல்லது ஐயா. அதை நாளை அங்கேயும் சொல்லுங்கள்.

நோயல் அவர்களே, பலகையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். மேடையில் இருக்கும் நாங்கள் தூக்கி வந்து உங்கள் வண்டியில் வைக்கிறோம். டீச்சர் மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது அவர் விருப்பம். வெங்கடகிருஷ்ணன் கை கூப்பினான், நாலு பேர் முன்னால், அதே மேடையில், அதே மைக்கில் கூப்பினான் என்று மட்டும் சொல்லுங்கள்.

என் வெட்கத்தைப் பங்கிட்டுக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. என்னைக் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றிய என் மனைவிக்கு நன்றி. பெர்னதெத் டீச்சர், உங்கள் முன் வணங்குகிறேன்.