பக்கவாட்டுப் பொத்தான்

புதிய கைபேசி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் நகம் மாட்டினால், செய்தவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக ஆண்ட்ராய்டு கைபேசிகளை விமர்சனம் செய்து வீடியோ போடுகிறேன். வெயிலில் திரை தெரிகிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா, சொன்ன நேரம் பேட்டரி நிற்கிறதா, எதையும் விடமாட்டேன். பார்க்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் குறைசொல்லி. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு. உண்டு என்று சொல்லக் கூசுகிறது. இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் நீங்கள் வாசலில் நின்றபோது ஏதோ கம்பெனி சார்பாக வந்தவர் என்றுதான் நினைத்தேன். "அந்த அவசரப் பொத்தான் வசதியைச் செஞ்சது நான்தான் சார். உங்க வீடியோ வந்த மூணாவது வாரம் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அலைந்து யார் யாரையோ பிடித்து வாங்கிய ஒரு தாளை மேசையில் வைத்தீர்கள், அந்தப் போனிலிருந்து எந்த எண்ணுக்கு எப்போது செய்தி போனது என்ற கம்பெனிப் பதிவு. அதில் ஒன்பது வரிகள். நான் உடனே எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன். உங்கள் எதிரில் உட்கார முடியவில்லை, அதனால்தான் போனேன். இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அது நல்ல போன். பின்புறம் கொஞ்சம் வழுக்கும், கேமரா மேடு தேவைக்கு மேல் உயரம், அவ்வளவுதான் குறை. வலப்பக்கப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால், பத்து விநாடி குரலைப் பதிந்து, இருக்கும் இடத்தையும் சேர்த்து, நாம் குறித்துவைத்த எண்ணுக்கு அனுப்பிவிடும். அந்த எண்ணுள்ள போன் சத்தமில்லாமல் வைக்கப்பட்டிருந்தாலும் சைரன் மாதிரி அலறும். இருபது முறை சோதித்தேன். இருபது முறையும் வந்தது. அந்தப் பொத்தான் அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருப்பதைக்கூட நான் பாராட்டித்தான் பேசினேன். விரல் தேடாமலே கண்டுபிடிக்கும் என்றேன். அந்த வீடியோவில் பொத்தானை அழுத்திக் காட்டும் கை என் அக்காவுடையது.

அக்கா இதே தெருவில் ஏழு வீடு தள்ளி இருந்தாள். அத்தான் போன பிறகு முன்னறையில் தையல் மெஷின் போட்டு மகளைப் படிக்கவைத்தாள். ஆஸ்துமா இருந்தது. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்ததால் பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பாள். விமர்சனம் முடிந்ததும் அந்தப் போனை அவளிடமே கொடுத்தேன்.

"மூச்சு முட்டினா நம்பர் தேட வேணாம், பேச வேணாம். இதை அஞ்சு தடவை அமுக்குக்கா, போதும்."

"நீ ஏதாவது வேலையா இருந்தா?"

"அந்தச் சத்தத்துக்குப் பிணமே எழுந்து உட்காரும்."

சிரித்தாள். ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. துணி வெட்டக் குனியும்போதெல்லாம் மேசை விளிம்பு அந்தப் பொத்தானில் திரும்பத் திரும்ப இடித்தது. முதல் வாரத்தில் பதினோரு முறை என் போன் அலறியது. முதல் மூன்று முறை செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அதற்குப் பிறகு நடந்து போனேன். அதற்கும் பிறகு போன் போட்டுக் கேட்டேன். பதினோராவது முறை ஒரு வீடியோவின் கடைசி வரியைப் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடமாக எடுத்த காட்சி. சைரன் அடித்ததும் எல்லாம் போயிற்று.

அன்றைக்குப் போனபோது அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். "மறுபடியும் அமுங்கிடுச்சாடா? கழுத்து வெட்டக் குனிஞ்சேன், அவ்வளவுதான். உன் வேலையைக் கெடுத்துட்டேனா?"

"பரவால்லக்கா. குடு, சரி பண்ணித் தரேன்."

மெஷின் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தேன். அழுத்திய பிறகு ஐந்து விநாடி காத்திருக்கவைக்கும் ஒரு வசதியை நீங்கள் வைத்திருந்தீர்கள். தவறி அமுங்கினால் அதற்குள் நிறுத்திவிடலாம். அது எனக்குத் தெரியும். என் வீடியோவிலேயே விளக்கியிருக்கிறேன். அக்காவுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அன்றைக்குக் கால் மணி நேரம் இல்லை. என் எண்ணை எடுத்துவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு எண்ணைப் போட்டேன். அந்த சிம் ஒரு பழைய போனில், என் அலமாரியின் கீழ் இழுப்பறையில், சார்ஜ் இறங்கிக் கிடந்தது.

வசதியை மொத்தமாக நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தியிருந்தால் அழுத்தும்போது ஒன்றும் வராது. அவளுக்குத் தெரிந்துவிடும். இப்படியென்றால் திரையில் பச்சை டிக் வரும், அனுப்பப்பட்டது என்று காட்டும். அவள் நிம்மதியாக இருப்பாள், நானும் நிம்மதியாக இருப்பேன் என்று நினைத்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "இனிமே சும்மா சும்மா உனக்குச் சத்தம் வராதுல்ல?" என்றாள்.

"வராதுக்கா."

"நிஜமா அழுத்தினா வரும்ல?"

"வரும்."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அமைதியாக இருந்தது. அந்த எண்ணைப் பற்றி ஒரு தடவைகூட நினைவு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு மூன்று தடவை வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். நான் ஜன்னலில் ஒரு கள்ளிச்செடித் தொட்டியை வைத்து இரண்டு போன்களில் மாற்றி மாற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எதில் பச்சை சரியாக வருகிறது என்று பார்க்கிற வேலை. சட்டை தைக்கக் கொடுத்திருந்த பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் வந்து என் கதவைத் தட்டினார். அக்கா வீடு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றார்.

கதவை உடைத்துத்தான் போனோம். மெஷின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்ஹேலர் துணிக்குவியலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. போன் கையில் இருந்தது, கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. திரையில் பச்சை டிக். மற்றவர்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போனைப் பார்த்தேன். அவள் விரலை விலக்கி அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மருத்துவர் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டேன். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி யாராவது வந்திருந்தா..." என்று ஆரம்பித்த அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். நல்ல மனிதர்.

உங்கள் தாளில் 'திறக்கப்பட்டது' என்று ஒரு நேரம் இருக்கிறதே, அன்று பிற்பகல் மூன்று நாற்பது, அது சரிதான். வீட்டில் கூட்டம் இருந்தது. துணி மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லி என் வீட்டுக்கு வந்தேன். இழுப்பறையில் இருந்த போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்ததும் அலறியது, ஒன்பது முறை. அதற்கு முன் தவறி அமுங்கிப் போனவை ஒரு நாளில் காலாவதியாகியிருந்தன. தலையணைக்குள் வைத்து அமுக்கினேன்.

பதினான்கு நிமிடத்தில் ஒன்பது செய்திகள். முதல் மூன்றில் மூச்சுச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மட்டும். நான்காவதில் பேசினாள். "தம்பி... இது நிஜம்டா... தெரியாம அமுங்கல." ஐந்தாவதில், "வேலையா இருக்கியா? முடிச்சிட்டு வா." அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒன்பதாவதில் மூச்சும் இல்லை, மின்விசிறி மட்டும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். பிறகு அழித்தேன். பிறகு இரண்டு போன்களையும் மொத்தமாக அழித்துப் புதிது போல ஆக்கினேன். எனக்குத் தினமும் செய்கிற வேலை அது, இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அக்கா மகள் மாலையில் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, ரொம்ப நேரம் கழித்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லையா மாமா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

"அழுத்தியிருக்காம்மா. போன் அனுப்பல."

அவள் அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க இதை எல்லார்கிட்டயும் சொல்லணும் மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க. வேற யாரோட அம்மாவுக்கும் இப்படி ஆகக் கூடாது."

அவள் கேட்டதால்தான் அந்த வீடியோவை எடுத்தேன். எட்டாவது நாள். நான் பாராட்டிய பொருளை நானே குறை சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். மூன்று முறை எடுத்தேன். முதல் முறை குரல் தெளிவாக இருந்தது, அது சரிப்படவில்லை. இரண்டாவது முறை 'அக்கா' என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. மூன்றாவது முறை அடைக்கவில்லை. இரண்டாவதைப் போட்டேன்.

நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். இப்படி ஒரு நேர்மையான மனிதனா என்று எழுதினார்கள். உங்கள் கம்பெனி வம்பு வேண்டாம் என்று ஒரே அப்டேட்டில் அந்த வசதியை எல்லாப் போன்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தடவை அந்தப் போனைச் சோதிக்கத் தாருங்கள் என்று நீங்கள் எழுதிய ஆறு கடிதங்களும் வந்தன. ஆறையும் படித்தேன். ஆறாவதில், எங்கே தப்பு செய்தேன் என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எங்கேயும் தப்பு செய்யவில்லை. அதை அன்றைக்கே எழுத எனக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

அந்த வசதி எடுக்கப்பட்டது தெரியாமல் எத்தனை பேர் அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று சற்று முன் கேட்டீர்கள். தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

இனி கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என் அக்காவின் கூப்பிடுகுரலை இழுப்பறைக்கு அனுப்பியவன் நான். அவள் சாவுக்கான பழியை உங்கள் வேலை மேல் போட்டவனும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்கா மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அப்போது பரீட்சை நேரம், படிப்பு கெட்டுவிடும் என்று விட்டேன். பிறகு புது வேலையில் சேர்ந்தாள், நிலைக்கட்டும் என்று விட்டேன். இப்போது அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அப்பா அம்மா இடத்தில் நீங்கள்தான் நிற்கவேண்டும் மாமா என்று சொல்லியிருக்கிறாள். அது முடியட்டும், முடிந்த கையோடு நானே உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். அதுவரை இது உங்களோடு இருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை மனம் உடைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.