ஒழுகுற டேங்க்

— அந்த மருந்து டேங்கை முதுகுல இருந்து இறக்கு. அப்புறம் பேசலாம்.

— வழி விடு அக்கா. மேக்கால கருத்துட்டு வருது. மழைக்கு முன்னாடி அடிச்சு முடிச்சாத்தான் இலையில ஒட்டும்.

— நான் இந்த வரப்புல நிக்கிற வரைக்கும் நீ ஒரு இலையையும் நனைக்க முடியாது. காத்து என் வயல் பக்கம் வீசுது, உனக்குத் தெரியலையா?

— உன் வயல், என் வயல்னு பிரிச்சது யாரு? அப்பா போனதும், "அவன் மருந்து அடிக்கிற மண்ணுல என் விதை விழாது"ன்னு நடுவுல வரப்பு போட்டவ நீதானே.

— ஆமா, போட்டேன். வரப்பு தண்ணியைத் தடுக்கும், காத்தைத் தடுக்காதுன்னு அப்ப தோணல. கேட்டுக்கோ, என் தேனீப் பெட்டிக்கு முன்னாடி போய்ப் பாரு. ரெண்டு கையாலயும் அள்ளலாம், அவ்வளவு செத்துக் கிடக்கு.

— அதுக்கு நானா பொறுப்பு?

— பின்னே யாரு? சாகணும்னு அதுங்களுக்கு வேண்டுதலா? இந்தப் பக்கத்துல மருந்து வாங்குறவன் நீ ஒருத்தன்தான்.

— தர்பூசணிக் கொடியில பூ வந்த நாள்ல இருந்து நான் ஒரு சொட்டு அடிக்கல. உன் தேனீ வந்து உக்காந்தாத்தான் என் கொடியில பிஞ்சு நிக்கும். கணக்கு பாரு, என் அடுப்புல நானே தண்ணி ஊத்துவேனா?

— முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டு இதைச் சொல்றே பாரு, அதான் அழகு.

— வேற வழி இல்லாமத்தான் மாட்டியிருக்கேன். இந்தா, இந்த இலையைத் திருப்பிப் பாரு. மாவு கொட்டின மாதிரி வெள்ளை ஈ. எங்க இருந்து வந்துச்சு? உன் கத்திரியில இருந்து. பூச்சியைக் கொல்ல மாட்டே, "அதுவும் பிழைச்சுப் போகட்டும்"னு விடுவே. அது பிழைச்சு, பெருத்து, புள்ளகுட்டியோட என் வயலுக்கு வருது.

— என் வயல்ல பூச்சி இருக்கு, பூச்சியைத் தின்கிற சிலந்தியும் இருக்கு. உன் வயல்ல ஒரு சிலந்தியைக் காட்டு பார்ப்போம். எல்லாத்தையும் கொன்னுட்டே. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தர்பூசணி ஒண்ணுதான். பசிச்ச பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறி வச்ச மாதிரி.

— ஒரே பயிரு இருந்தாத்தான் லாரிக்காரன் வருவான். நீ போடுற பத்து வகையைக் கூடையில சுமந்துட்டு வீடு வீடா ஏறி இறங்கணும். களை பிடுங்கிப் பிடுங்கி உன் இடுப்பு கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு போச்சு. நான் குழாய் போட்டு சொட்டு சொட்டா தண்ணி விடுறேன், வீட்டுல சாய்ஞ்சு உக்காந்து சாப்பிடுறேன்.

— சாய்ஞ்சு உக்காரு, யாரு வேணாம்னா.

— போன கோடையில உன் தக்காளி அத்தனையும் அழுகிச்சே, அப்ப உன் வீட்டு அடுப்பு எப்படி எரிஞ்சுது?

— நீ குடுத்ததுலதான் எரிஞ்சுது. நான் மறக்கல. இன்னிக்குச் சொல்லிக் காட்டத்தான் குடுத்தியா?

— சொல்லிக் காட்டல அக்கா. உன் முறை கெட்டதுன்னும் சொல்லல. அது நாலு பேருக்குப் போதும், நாடு முழுக்கப் போதாதுன்னு சொல்றேன்.

— உன் முறை நாட்டுக்கே போதும், ஆனா உன் புள்ளைங்க காலம் வரைக்கும் தாங்காது. உன் பக்கம் மண்வெட்டி விழுந்தா கல்லுல பட்ட சத்தம் வருது. மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்குது. வருஷத்துக்கு வருஷம் உரத்தைக் கூட்டிக்கிட்டே போறே. குடிகாரன் மாதிரி ஆயிடுச்சு உன் மண்ணு, நேத்து குடிச்சது இன்னிக்குப் பத்தல.

— அது நிஜந்தான்.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல. வழி விடு.

— மத்தியானம் ஆஸ்பத்திரி சமையல்காரம்மா வயலைப் பார்க்க வர்றாங்க. நோயாளிங்க சாப்பிடுறது, விஷம் படாத காய் வேணும், உங்க வார்த்தையை நம்பித்தான் வாங்குறோம்னு போன தடவையே சொல்லிட்டுப் போனாங்க. எனக்குன்னு இருக்கிற ஒரே வாடிக்கை அது. அவங்க வர்ற நேரத்துல நீ இங்க நாத்தத்தைக் கிளப்பினா என் வார்த்தை என்ன ஆகும்?

— உன் வார்த்தைக்கு ஒண்ணும் ஆகாது.

— அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

— சொல்றேன்ல, விடேன்.

— மழுப்பாதே. சின்னதுல இருந்தே பொய் சொன்னா கழுத்தைச் சொறிவே. இப்பவும் சொறியுறே.

— அரிக்குது, சொறியுறேன். டேங்க் ஒழுகுது.

— திரும்பு. அடப்பாவி, முதுகு பூரா நனைஞ்சு போய் நிக்கிறே. முகத்துக்குத் துணி கட்டல, கைக்கு உறை இல்ல. உன் பொண்டாட்டி உன்னை மூட்டை கட்டுற மாதிரி சுத்திக் கட்டித்தானே அனுப்புவா. இன்னிக்கு அவளுக்கு என்ன வந்துச்சு?

— அவ எடுத்துட்டுத்தான் வந்தா. இன்னிக்கு வேணாம்னு நான்தான் சொன்னேன்.

— ஏன், விஷம் உனக்கு மட்டும் மச்சான் முறையா?

— கத்தாதே அக்கா. தலை வேற கிர்ருனு சுத்துது.

— எவ்வளவு நேரமா அடிக்கிறே?

— விடியறப்பவே அந்தக் கோடியில ஆரம்பிச்சிட்டேன். பாதி வயல் முடிஞ்சுது. நீ இப்பத்தான் வந்தே.

— பாதி வயல் முடிஞ்சுதா. அப்ப குதிரை ஓடின லாயத்துக்கா நான் காவல் நிக்கிறேன்?

— கோவப்படாதே. சொல்லிடுறேன். சிரிக்கக் கூடாது.

— என் மூஞ்சியைப் பார்த்தா சிரிக்கிற மாதிரியா இருக்கு?

— டேங்க்ல இருக்கிறது விஷம் இல்ல. உன் சரக்கு.

— என் சரக்குன்னா?

— உன் இலைச்சாறு. பூண்டும் மிளகாயும் அரைச்சுப் போட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி ஊற வச்சிருக்கேல்ல, அது. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்து எடுத்துட்டேன்.

— நீயா.

— நானேதான். பூ வர்றதுக்கு முன்னாடி கடைக்காரன் குடுத்த மருந்தெல்லாம் அடிச்சுப் பார்த்தேன். அந்த ஈ அதைக் குடிச்சிட்டு ஏப்பம் விடுது. பூ வந்தப்புறம் இன்னும் காரமானதைக் குடுத்து அடின்னு சொன்னான், அதை அடிக்காம என் கொட்டகையில போட்டு வச்சிருக்கேன். அடிச்சா உன் தேனீ செத்துடும், என் பிஞ்சும் நிக்காது. உன்கிட்ட வந்து கேட்கலாம்னா, இத்தனை வருஷமா "பச்சிலை வைத்தியச்சி"ன்னு கிண்டல் பண்ணின வாய் இது. எந்த வாயால கேட்பேன்?

— திருடுறதுக்கு அந்த வாய் தடையா இல்லையாக்கும்.

— திட்டு, வாங்கிக்கிறேன். ஜெயிச்சுட்டே அக்கா. அந்தச் சமையல்காரம்மாகிட்டயும் சொல்லு, பக்கத்து வயல்காரனும் என் வழிக்கு வந்துட்டான்னு. என்னமா வேலை செய்யுது தெரியுமா. அடிச்ச இடத்துல ஈ கொத்துக் கொத்தா விழுது. காரம்தான் தாங்க முடியல. கண்ணு எரியுது, வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு.

— எந்த ட்ரம்ல எடுத்தே?

— ஏன்?

— அங்க ரெண்டு ட்ரம் இருக்கு. திறந்து கிடக்கிறதுலயா, சாக்கு போட்டுக் கட்டி வச்சதுலயா?

— கட்டி வச்சதுலதான். நல்ல சரக்கைத்தானே நீ மூடி வைப்பேன்னு நினைச்சேன்.

— டேங்கைக் கழட்டு.

— அட, ஒரு ட்ரம் சாறுக்கா இவ்வளவு...

— கழட்டுடா. சட்டையையும் கழட்டு. தொட்டியில இறங்கு, நான் சோப்பு எடுத்துட்டு வரேன். எச்சியை முழுங்காதே, துப்பு.

— என்ன அக்கா? எதுக்கு இதெல்லாம்?

— உன் தேனீக் கணக்கு சரிடா. நீ ஒரு சொட்டும் அடிக்கல, அதுங்களைக் கொன்னது நான்தான். என் கத்திரியில புழு விழுந்து, சமையல்காரம்மா வர்றதுக்குள்ள ஒரு காய் மிஞ்சாதுன்னு ஆயிடுச்சு. உன் கொட்டகைக்கு நானும்தான் திருட வந்தேன், அந்தக் காரமான மருந்தை எடுத்துட்டுப் போய் அடிச்சேன். வாசம் வெளிய தெரியாம இருக்கத்தான் பூண்டும் மிளகாயும். ட்ரம்ல இருக்கிறது உன் விஷம் தம்பி.