கொல்லை வழி

— எல்லாப் பக்கத்துலயும் செவப்பு மையா இருக்கே சார்.

— இருக்கும். ஆய்வறிக்கை கேட்டா மேடைப் பேச்சு எழுதிக் குடுத்திருக்கே. உக்காரும்மா அம்சம்.

— நின்னுக்கிறேன். மொதப் பத்தியிலயே "மிராசுதார் குத்தகைதாரரை வயலை விட்டு வெரட்டினார்"னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுட்டு "நிலம் கைமாறியது"ன்னு போட்டிருக்கீங்க. நெலம் தானா எந்திரிச்சு நடந்து போச்சா சார்?

— பாத்தியா, இந்தக் கோவம்தான் வேண்டாங்கறேன். என்ன நடந்துச்சு, அதுக்கு என்ன சான்று. அறிக்கைன்னா அவ்வளவுதான்.

— சான்றுதான் குடுத்திருக்கேனே.

— எங்க? "தகப்பன் காலத்துலேர்ந்து சாகுபடி பண்ணினார்"னு நீ எழுதிட்டா ஆச்சா? குத்தகை நெல்லு அளந்ததுக்கு ரசீது இருக்கா?

— நம்ம பக்கம் எந்த மிராசுதார் சார் ரசீது குடுத்தார்? களத்துலயே அளந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. குத்தகைதாரர் பேரையெல்லாம் பதியணும்னு சர்க்கார் சட்டம் போட்டதும், "ரசீது இல்லையே, நீ வெறும் கூலியாள்தானே"ன்னு வெளியில தள்ளிட்டாங்க. குடுக்காதவங்களே எங்கன்னு கேக்குறாங்க. இப்ப நீங்களும் அதையேதான் கேக்குறீங்க.

— நான் கேக்கலம்மா, ஆய்வு முறை கேக்குது.

— ஆய்வு முறையும் மிராசுதார் வீட்டுலதான் பொறந்துச்சா?

— அம்சம்...

— மன்னிச்சுக்குங்க சார். மேல சொல்லுங்க.

— "ஊரே சொல்லுது"ன்னு எழுதியிருக்கே. ஊருன்னா யாரு? எப்ப பாத்தாங்க, எங்க நின்னு பாத்தாங்க? காதுல கேட்டது வேற, கண்ணால பாத்தது வேற.

— கண்ணால பாத்தவங்க பயந்துக்கிட்டு வாயே தொறக்கலைன்னா?

— அப்ப "என்று கருத இடமுண்டு"ன்னு எழுது.

— ஒருத்தரோட வயலைப் புடுங்கியிருக்காங்க சார். அதைப் போய்க் கருத இடமுண்டுன்னு...

— சரி, எதிர்த்தரப்பைக் கேட்டியா? அவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கும்ல?

— இன்னும் கேக்கல சார். கேக்கணும்.

— கேக்காம எப்படி முடிவுரை எழுதினே? அப்புறம் இந்தப் பத்தி... "மிராசுதார் வீட்டுப் படிச்சவர் ஒருத்தர் தாசில்தார்கிட்ட வந்து, அவர் கூலியாள்தான்னு பொய் சொன்னார். படிச்சவர் சொன்னதால நம்பிட்டாங்க." இதை எடுத்துடு.

— ஏன் சார்?

— பேர் இல்ல. பேர் இல்லாத ஆளை வெச்சு வாதம் பண்ணக் கூடாது.

— அப்ப பேரைப் போட்டுடட்டுமா?

— வேண்டாம்... வேண்டாம். தனி ஆளைத் தாக்குற மாதிரி ஆயிடும்.

— பேர் இல்லன்னாலும் தப்பு, போட்டாலும் தப்பு. நல்லா இருக்கு சார்.

— உனக்கு ஏம்மா இவ்வளவு வேகம்? நீ பட்டுக்கோட்டைப் பக்கம்தானே?

— மாமா வீடு அங்க. அங்கேருந்துதான் படிக்க வர்றேன். சார்... வர்ற செவ்வாக்கிழமை அந்த மனுஷனோட மேல்முறையீடு வருது. ஆத்துல தண்ணி வந்தாச்சு. அவர் உழுத வயல்ல வேற ஆள் நாத்து விட்டாச்சு. இதுலயும் தோத்தா, சொந்தமா உழுத வரப்புலயே கூலிக்குப் போய் நிக்கணும் அவர். கோவப்படாம எப்படி எழுதறது?

— வாதம் கெட்டியா இருந்தா கோவத்துக்கு வேலையே இல்ல. உன் வாதம் சொத்தையா இருக்கு, அதான் சத்தம் போடுறே.

— எங்க சொத்தை? காட்டுங்க.

— பொங்கல் வரிசை பத்தி எழுதியிருக்கே பாரு. வருஷா வருஷம் குத்தகைதாரர்தான் மிராசுதார் வீட்டுக்கு வாழைத்தாரும் கரும்பும் கொண்டு போவார், கூலியாள் கொண்டு போற வழக்கமில்ல, வாங்கிக்கத்தான் போவார்னு. நல்ல சான்று. ரசீதை விட நல்ல சான்றுன்னே சொல்லுவேன். அடுத்த வரியில நீயே அதைக் கெடுத்துட்டே.

— எப்படி?

— "கொல்லை வழியா வந்து தாரை எறக்கி வெச்சுட்டுப் போவார்"னு போட்டிருக்கியே. கொல்லை வழியா வர்றவன் கூலியாள்தானே? அப்ப அவங்க சொன்னது சரின்னு நீயே ஒத்துக்கிறே. முரண்பாடு.

— விசாரிச்சுத்தான் எழுதினேன். கொல்லை வழியாத்தான்.

— இல்லம்மா.

— கொல்லை வழியாத்தான் சார். கெணத்தடியில வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு...

— யாரு சொன்னா உனக்கு? கொல்லைப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்ல. வீரையன் தாரைத் தோள்ல வெச்சுக்கிட்டு வாசல் வழியா வருவான், நேரா கூடத்துல எறக்குவான். அண்ணன் வேட்டி துண்டு எடுத்துக் குடுப்பார், நான் கரும்பை...

— சொல்லுங்க சார். ஏன் நிறுத்திட்டீங்க?

— இல்ல... அந்தப் பேரு... உன் அறிக்கையில...

— இல்ல சார். ஊர் பேரும் போடல, ஆள் பேரும் போடல. கொல்லைன்னு வேணும்னேதான் எழுதினேன். தப்பைப் பாத்தா திருத்தாம உங்களால இருக்க முடியாது, வகுப்புல தெனமும் பாக்குறேனே. தாசில்தார் கேட்டப்ப, "கூலியாள்தான், எங்க வாசப்படி ஏறினதே இல்ல"ன்னு சொன்னீங்களாம். அன்னிக்கு ராத்திரி எங்கப்பா சோறு திங்கல சார். எதிர்த்தரப்பைக் கேக்கச் சொன்னீங்கல்ல, கேட்டுட்டேன். செவ்வாக்கிழமை அங்க வந்து, கூடத்துல பாத்ததைச் சொல்லுங்க.