மூணு மில்லிமீட்டர்

...இல்ல தம்பி, நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல. ரயில் ஏறினதுலேருந்து உங்க லேப்டாப்போட அந்த வாலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். லேப்டாப் என்னமோ நோட்டு அட்டை மாதிரி இருக்கு. அதுலேருந்து ஒரு வயரு, வயரு நுனில ஒரு குட்டிப் பெட்டி, பெட்டிலேருந்து நாலு வயரு! ஐசியூலேருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கு பாவம். சிரிக்காதீங்க... சரி, சிரிங்க.

பதினஞ்சு மில்லிமீட்டர் தடிமன் இருக்குமே அந்த லேப்டாப்பு? இருக்கும், இருக்கும். எப்படித் தெரியும்னு அப்புறம் சொல்றேன். எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, வயர் சொருகற இந்த ஓட்டை எதுக்கு, அந்த ஓட்டை எதுக்குன்னு ஒவ்வொண்ணா அடைச்சிருக்கான். அவன் மட்டும் கையில கெடைச்சா... என்ன, ஹெட்போன் தேடறீங்களா? தேடுங்க, தேடுங்க. சொருகறதுக்குத்தான் எடம் இல்லையே!

கோவிச்சுக்காதீங்க. உங்கள வெச்சு எங்க அக்கா ஞாபகம் வந்துடுச்சு. அவகிட்டயும் இதே லேப்டாப்தான். நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவ காது டெஸ்ட் பண்றவ தம்பி. ஸ்கூல் ஸ்கூலா போவா. ஒரு பெட்டி, அதுல ஒரு ஹெட்போன். பெட்டி வயர லேப்டாப்ல சொருகணும், அது பீப்புங்கும், கேட்டா புள்ள தலைய ஆட்டணும். அவ்ளோதான் வேலை. ஆனா ஒரு ஸ்கூலுக்கு வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் குடுப்பாங்க.

போன மாசம் ஒரு ஸ்கூலு. நாப்பது புள்ளைங்க வரிசையா நிக்குது, ஒண்ணை ஒண்ணு கிள்ளிக்கிட்டு. இவ பையத் தொறக்கறா... பெட்டியையும் லேப்டாப்பையும் சேக்கற இந்த மாதிரி வாலக் காணோம்! எங்க மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், டிவில போட்டோ பாக்கறேன்னு எடுத்து மாட்டிட்டு அப்படியே விட்டுட்டார். போன் போட்டுக் கேட்டா, "நான் அப்பவே பையில வெச்சுட்டேனே"ங்கறார். பேசும்போதே டிவிக்குப் பின்னாடி தொங்குது! ஆம்பளைங்க ஒரு பொருளத் திருப்பி வெச்சேன்னு சொன்னா... சரி விடுங்க, உங்களச் சொல்லல.

ஆபீஸ் ரூம்ல கேட்டா. டீச்சருங்க மேஜை டிராயர் எல்லாம் கொட்டிப் பாத்தாங்களாம். சாக்பீஸ் கெடைச்சுது, பசங்ககிட்ட பிடுங்கி வெச்ச பம்பரம் கெடைச்சுது, வால் கெடைக்கல. பெட்டி வயரோட முனை கட்டைவிரல் அகலம். லேப்டாப்ல இருக்கற ஓட்டை அரிசி மணி. ஊதினாலும் போகுமா?

சரின்னு புள்ளைங்களுக்குப் பின்னாடி நின்னு மெதுவா நம்பர் சொல்லி, திருப்பிச் சொல்லுங்கன்னு பாத்திருக்கா. அதுல ஒரு பொண்ணு, ஏழு வயசு. கிளாஸ் டீச்சர் அப்பவே சொன்னாங்களாம், "காதெல்லாம் நல்லாவே கேக்கும், இதுக்குத் திமிரு, கூப்பிட்டா திரும்பாது"ன்னு. நம்பர் சொன்னா புள்ளையும் கரெக்டா சொல்லுது. இவளும் நல்லா இருக்குன்னு எழுதிட்டா.

எழுதிட்டாளே தவிர மனசு ஒப்பல. வீட்டுக்கு வந்து எனக்குப் போன். "அந்தப் பொண்ணு ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பக்கமாவே தலையத் திருப்பிச்சுடி." அந்த ஸ்கூல்ல கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கினா. பன்னெண்டு நாள் கழிச்சு! இந்த வாட்டி பழைய லேப்டாப்பத் தூசி தட்டி எடுத்தா. ரெண்டரை கிலோ, ஆனா பக்கத்துக்கு நாலு ஓட்டை. அவளுக்குத் தோள் எலும்பு தேஞ்சு போயிருக்கு, தூக்க முடியாது. நான் லீவு போட்டுட்டுத் தூக்கிட்டுப் போனேன்.

வலது காதுல பீப்பு. தலைய ஆட்டுது. இன்னும் மெதுவா. ஆட்டுது. இடது காதுக்கு மாத்தினா... தம்பி, அந்தப் புள்ள அக்கா மூஞ்சியவே பாக்குது. எப்ப ஆரம்பிப்பீங்கங்கற மாதிரி. அங்க பீப்பு போய்க்கிட்டே இருக்கு. அக்கா சத்தத்தக் கூட்டிக்கிட்டே போறா, அது சமத்தா உக்காந்து காத்துக்கிட்டு இருக்கு.

கிளாஸ்ல அது உக்கார்ற எடம் சுவரோரம். கேக்கற காது சுவர் பக்கம். டீச்சர் நேரா போய் அந்தப் புள்ளையோட பையத் தூக்கி எதிர்ப்பக்கத்து பெஞ்சுல வெச்சாங்க.

வெளிய கேட்டுகிட்ட வந்து நிக்கறோம். அக்கா கேக்கறா, "ஏன்டி, உங்க கம்பெனிதானே இதச் செய்யுது? எவன்டி அந்த ஓட்டைய எடுத்தது?"

...என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஆமா. நான்தான். இவ்ளோ நேரம் எவனோ ஒருத்தன், எவனோ ஒருத்தன்னு திட்டினேனே, அது நான்தான்.

லேப்டாப்பு எப்படி இருக்கணும்னு வரையறதுதான் என் வேலை, அந்தப் படத்துல ஓரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த ஓட்டை மட்டும் இல்லன்னா மூணு மில்லிமீட்டர் எறங்கும். கனம் கொறையும். அந்த எடத்துல பேட்டரியக் கொஞ்சம் நீட்டினா ஒரு மணி நேரம் கூட ஓடும். எங்ககூட சர்க்யூட் பாக்கறவர் ஒருத்தர், பெரியவர், மல்லுக்கு நின்னார். "ஒண்ணே ஒண்ணாவது விட்டு வைம்மா." நான் சிரிச்சேன். "நீங்க எந்தக் காலத்துல சார் இருக்கீங்க?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எங்க அக்கா தோளுதான் மனசுல. தெனம் ராத்திரி தைலம் தேய்க்கறாளே, அதுக்கு ஒரு வழி பண்ணுவோம்னுதான். அவ தோளப் பாத்தேன், அவ கையில இருந்த பெட்டியப் பாக்கல.

அக்காட்ட சொன்னேன். கேட்டு முடிச்சா. அப்புறம், "எனக்குப் பன்னெண்டு நாள் போச்சு, அது கெடக்கட்டும். மாமா மறக்கலன்னாலும் இது நடந்திருக்காது. ஆனா ஒருவேள நான் திரும்பிப் போகாம விட்டிருந்தா?"ன்னா. திட்டியிருந்தா தேவல தம்பி.

நேத்து அந்த சர்க்யூட் சாருக்குப் போன் பண்ணேன். "சார், நீங்க சொன்னதுதான் சரி." "எதப் பத்திம்மா?"ங்கறார்! தெரியாத மாதிரி! கேட்டுக் கேட்டு மொத்தத்தையும் என் வாயாலயே சொல்ல வெச்சார். கடைசில, "ரெண்டு மில்லிமீட்டர் குடு, ஒரு ஓட்டை வெச்சுத் தரேன்"னார். அதுக்குத்தான் இப்பப் போய்க்கிட்டு இருக்கேன், மேலிடத்துல சண்ட போட. ஒல்லியா இருந்தாத்தான் விக்கும்பாங்க. அத அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அதான் கொடுமை...

அட, எழுந்துட்டீங்க? உங்க ஸ்டேஷனா? இல்ல, வேற சீட்டா? போங்க, போங்க, வயரெல்லாம் பாத்துச் சுருட்டிக்குங்க. தம்பி! ஒரு நிமிஷம்! கம்பெனிக்கு ஒரு கம்ப்ளைண்ட் எழுதிடுங்களேன், மீட்டிங்ல எடுத்துக் காட்டறேன், பதினொரு மணிக்குத்தான் அது. நல்லாத் திட்டியே எழுதுங்க. டிசைன் பிரிவுன்னு போட்டா போதும், நேரா என் மேஜைக்கு வந்துடும்.